ஒலிம்பஸ் ட்ரிப் 35: முதல் ரோலில் ஆரஞ்சுக் கீற்று, கிட்டத்து முகங்கள் மங்கல்

சுருள்36 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கேமரா ஒலிம்பஸ் ட்ரிப் 35, கறுப்பு பிளாஸ்டிக் பட்டன் வைத்த பிந்தைய மாடல். லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினால் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழும்புகிறது, ஷட்டர் விழ மறுக்கிறது. வெளிச்சத்துக்குக் காட்டினால் விழுகிறது. ஆகவே மீட்டர் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு ரோல் ஓட்டியாயிற்று.

பிலிம் கோடக் அல்ட்ராமேக்ஸ் 400. "நெகட்டிவுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடவே கொடு" என்று பல இடங்களில் எழுதியிருப்பதால், பிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் ஏஎஸ்ஏ வளையம் 200-இல். மெரினாவில் மதியம் 12 படம், மயிலாப்பூர் மாட வீதிகளில் சாயங்காலம் 15, மீதி ஜன்னலோரம் வீட்டு ஆட்கள். லேபில் கழுவி ஸ்கேன் வாங்கியாயிற்று. நெகட்டிவும் கையில் இருக்கிறது.

குறைகள் இவை. ஒன்பது படங்களில் இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, மேலிருந்து கீழ் வரை. எல்லாப் படத்திலும் இல்லை. அரை உருவமாக எடுத்த முகங்கள் மங்கல், பின்னால் இருக்கும் சுவர் மட்டும் பளிச். சாயங்காலப் படங்களில் கோபுரம் கூர்மை, நடப்பவர்கள் இழுபட்டிருக்கிறார்கள். கடற்கரைப் படங்கள் எல்லாமே வெளுத்து, வானத்தில் நீலமே இல்லை.

ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டிய கேமராவா, இல்லை எடுத்த விதத்தில் தப்பா? அடுத்த ரோலுக்கு எந்த பிலிம்?

---

திருகாணி எழுதியது:

கீற்றை மட்டும் நான் எடுத்துக்கிறேன், மத்ததுக்கு மத்தவங்க வருவாங்க.

ஆரஞ்சு நிறம்னா வெளிச்சம் பின்பக்கமா உள்ள வருதுன்னு அர்த்தம். பின்கதவு வழியா கசியற வெளிச்சம் பிலிமோட முதுகுல விழுந்து, அடித்தளத்தைக் கடந்து, முதல்ல சிவப்பை உணர்ற அடுக்கைத் தொடும். அதனாலதான் சிவப்பு, ஆரஞ்சு. முன்பக்கமா, அதாவது லென்ஸ் பக்கமா கசிஞ்சிருந்தா கீற்று வெள்ளையா இருக்கும்.

அடுத்தது எந்தப் பக்கம்ங்கிறது. பிலிம் மேல படம் தலைகீழா, இடவலம் மாறி விழுது. அப்ப படத்தோட இடது ஓரம்னா, கேமராவைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது வலது பக்கம். ட்ரிப்ல அங்கதான் கதவோட கீல் இருக்கு. கீலை ஒட்டி அகலமா ஒரு ஃபோம் பட்டை இருக்கணும். கதவைத் திறந்து விரலால தொட்டுப் பாருங்க. கறுப்புப் பிசினா ஒட்டுதா, இல்ல தூளா உதிருதா? ரெண்டுல எதுவா இருந்தாலும் ஆயுசு முடிஞ்சுது. ட்ரிப் 35 உற்பத்தி 1984-ஓட நின்னுபோச்சு. அந்தக் காலத்து ஃபோம் எந்தக் கம்பெனி கேமராவா இருந்தாலும் இப்படித்தான் உருகும்.

ஒன்பது படத்துல மட்டும் ஏன்? அந்த ஒன்பதுக்கு நடுவுல கேமரா வெயில்ல தொங்கிட்டு இருந்திருக்கும். உடனே உடனே எடுத்த படத்துல கசிவு பதியற அளவுக்கு நேரம் கிடைக்காது.

மாத்தறது வீட்டு வேலைதான். பழைய ஃபோமை மரக் குச்சியால, அதாவது பல் குத்தற குச்சியோட மழுங்கின முனையால சுரண்டுங்க. உலோகம் எதுவும் வேண்டாம், பெயின்ட் போயிடும், வெறும் உலோகம் உள்ள பளபளக்கும். கேமராவைக் கதவுப் பக்கம் கீழ் நோக்கிப் பிடிச்சுக்கிட்டு சுரண்டினா தூள் ஷட்டருக்குள்ள போகாது. மிச்சப் பிசினை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்சுப் பிழிஞ்ச காது பட்ஸால துடைங்க. சொட்டச் சொட்டன்னு நனைக்கக் கூடாது. அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக் கரையும்.

கீல் பக்கத்துக்கு 1.5 அல்லது 2 மி.மீ. கறுப்பு ஃபோம், பின்னால பசை உள்ளது. மேல கீழ இருக்கற ஒல்லியான பள்ளத்துக்கு ஃபோம் வெட்டறதைவிடக் கறுப்புக் கம்பளி நூல் நல்லா உட்காரும். பள்ளத்துல ஃபேப்ரிக் பசையைக் கோடா இழுத்து, நூலை முறுக்காம வெச்சு, குச்சியால அழுத்துங்க. கதவு மூடும்போது முன்னைவிட ரொம்ப இறுக்கமா இருந்தா ஃபோம் தடிமன் அதிகம். அதோட ஓட்டினா கதவு வளையும். மெல்லிசா மாத்துங்க.

மாத்தறதுக்கு முன்னாடி உறுதி பண்ணணும்னா, அடுத்த ரோல் போட்டதும் கீல் ஓரம் முழுக்க கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க. கீற்று போயிடுச்சுன்னா கேஸ் முடிஞ்சுது.

---

பாதிவெளிச்சம் எழுதியது:

முகம் மங்கல், நடப்பவர் இழுபடல் இரண்டும் கேமராவின் குறை இல்லை. இந்தக் கேமரா என்ன முடிவெடுக்கிறது என்பது தெரிந்தால் இரண்டும் போய்விடும்.

ஏ-யில் (ஆட்டோ) வைத்தால் ட்ரிப் 35-க்கு இரண்டே வேகம்தான்: 1/40 வினாடி, 1/200 வினாடி. மங்கிய வெளிச்சத்தில் 1/40, எஃப் 2.8 (எஃப் எண் சிறியதானால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, பெரியது). அதற்கும் கீழே போனால் சிவப்புக் கொடி. வெளிச்சம் ஏற ஏற அப்பர்ச்சர் சுருங்கும். ஒரு கட்டத்தில் கியர் மாற்றுவது போல 1/200-க்குத் தாவும். கடைசி எல்லை 1/200, எஃப் 22. எதைத் தேர்ந்தெடுத்தது என்று கேமரா காட்டாது. வியூஃபைண்டரின் கீழே உள்ள குட்டி ஜன்னலில் தெரிவது நீங்கள் வைத்த 'ஏ'யும் தூரக் குறியும்தான். ஆனால் காதுக்குத் தெரியும். 1/40 கொஞ்சம் இழுத்து 'க்ளி-க்' என்று விழும், 1/200 ஒரே சொடுக்கு. பிலிம் இல்லாமல் ஜன்னலோரத்தில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை அழுத்திக் கேளுங்கள்.

மாட வீதியில் சாயங்காலம் கிடைத்தது 1/40. 40 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/40 போதும், அதனால் கோபுரம் கூர்மை. குறுக்கே நடப்பவரை நிறுத்த அது போதாது. இங்கே நீங்கள் செய்த ஒரே தவறு வளையத்தை 200-இல் வைத்தது. 400 பிலிமை 400 என்றே வைத்திருந்தால் கேமரா ஒரு ஸ்டாப் முன்னதாகவே 1/200-க்குத் தாவியிருக்கும். கூடுதல் வெளிச்சம் நெகட்டிவுக்கு நல்லதுதான். இரண்டே வேகம் உள்ள கேமராவில் அதற்கான விலையை ஷட்டர் வேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். சாயங்காலத்தில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது. 1/40 தவிர்க்க முடியாத இடத்தில் குறுக்கே போகிறவரை விட்டுவிட்டு, கேமராவை நோக்கி வருகிறவரை எடுங்கள். எதிரே வரும் நடை அவ்வளவாக இழுபடாது. பட்டனின் பயணமும் நீளம், படக்கென்று குத்தினால் கேமரா குலுங்கும். மெதுவாகப் பிழிய வேண்டும்.

இனி முகங்கள். தூரக் குறிகள் நான்கு: ஒரு ஆள் என்றால் 1 மீட்டர், இரண்டு ஆள் 1.5, கும்பல் 3, மலை முடிவிலி. வளையத்தின் அடிப்பக்கத்தில் மீட்டரும் அடியும் பொறித்திருக்கும். குறிகளுக்கு நடுவிலும் நிறுத்தலாம். ஜன்னலோரத்தில் லென்ஸ் எஃப் 2.8-க்குத் திறந்திருக்கும்போது 3 மீட்டரில் வைத்தால், கூர்மையாக வருவது சுமார் 2.6-இலிருந்து 3.6 மீட்டர் வரைதான். 1.5 மீட்டரில் இருக்கும் முகம் போச்சு, பின்சுவர் பளிச். உங்கள் படங்களில் நடந்தது இதுவே. சரியாக 1.5-இல் வைத்தாலும் கிடைப்பது ஒரு சாண் அளவுதான், 1.4 முதல் 1.6 வரை. ஒரு மீட்டரில் இன்னும் மோசம், 10 செ.மீ. கொஞ்சம்தான்.

ஆகவே வீட்டுக்குள் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளக்க வேண்டும். 2 அடி டைல்ஸ் போட்ட தரையில் ஐந்து டைல்ஸ் 3 மீட்டர், இரண்டரை டைல்ஸ் 1.5. டைல்ஸ் இல்லாத இடத்தில் முழங்கணக்கு: இரண்டு முழத்துக்கு மேல் ஒரு விரல் நீளம் 1 மீட்டர், மூன்று முழமும் அரைச் சாணும் 1.5. தூரம் அளப்பது படமெடுக்கப்படுகிறவரின் கண்ணிலிருந்து கேமராவுக்கு. அவர் பாதத்திலிருந்து உங்கள் பாதத்துக்கு இல்லை. குனிந்து நிற்பவரிடம் அந்த வித்தியாசமே 20 செ.மீ. வந்துவிடும்.

வெயிலில் கதையே வேறு. எஃப் 11-இல் கும்பல் குறியில் வைத்தால் 1.9 மீட்டர் தொடங்கி கிட்டத்தட்ட 8 மீட்டர் வரை கூர்மை. தெருவில் வெளிச்சம் இருக்கும் வரை வளையத்தை அங்கேயே வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

இன்னொன்று: பட்டனைப் பாதி அழுத்தினால் மீட்டரின் முள் பிடிபட்டு நிற்கும். வானம் அதிகமாக இருக்கும் காட்சியில் கேமராவைக் கொஞ்சம் தரைப் பக்கம் சாய்த்துப் பாதி அழுத்தி, விடாமல் மேலே தூக்கி எடுங்கள். இல்லாவிட்டால் வானம் மீட்டரை ஏமாற்றும், கீழே நிற்பவர் கறுத்துப் போவார்.

கடற்கரை வெளுப்புக்குக் காரணம் 400 பிலிம். மதிய வெயிலுக்கு 400 போடவே கூடாது, எல்லையைத் தாண்டிவிடும்.

---

இருட்டறை எழுதியது:

கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஏஎஸ்ஏ-வேதான்) 400-க்குத் தேவை 1/400, எஃப் 16. அதையே 1/200 ஆக்கினால் எஃப் 22. ட்ரிப்பின் எல்லைக்கு மிகச் சரியாக உள்ளே. மெரினா மணலில் பிரதிபலிப்பு சேர்ந்தால் ஒரு ஸ்டாப் மிஞ்சும். வளையம் 200-இல் இருந்ததாலும் கிடைப்பது அதே ஒரு ஸ்டாப்தான், இரண்டும் கூட்டிக்கொள்ளாது, ஏனென்றால் எல்லை எஃப் 22 இரண்டுக்கும் பொது. கலர் நெகட்டிவ் இரண்டு மூன்று ஸ்டாப் அதிகம் வாங்கும். ஒரு ஸ்டாப்பில் வானம் வெளுக்காது. எஃப் 22-இல் வேறொரு நஷ்டம் உண்டு: அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி மொத்தப் படமும் லேசாக மெத்தென்று ஆகிவிடும். மதியத்துக்கு 100 அல்லது 200 என்று சொல்வதற்கு அது நியாயமான காரணம்.

அப்படியானால் வெளுப்பு எங்கிருந்து? ஸ்கேனைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லேப் இயந்திரம் தானாகவே ஏற்றி இறக்கியிருக்கும். நெகட்டிவை ஒரு வெள்ளைத் திரைக்கு மேல் பிடியுங்கள், போனில் வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது படங்களை இல்லை, ஓரத்தில் அச்சாகியிருக்கும் பிலிம் பெயரையும் எண்களையும். அவை தொழிற்சாலையிலேயே பதிந்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து மங்கலாக இருந்தால் லேபின் கெமிக்கல் சோர்ந்திருக்கிறது. எழுத்து அடர்த்தியாக, விளிம்பு கூர்மையாக இருந்தால் கழுவியது சரி. அப்போது கடற்கரைப் படங்களைப் பாருங்கள். வானம் கன்னங்கரேல் என்று, பின்னால் இருக்கும் வெளிச்சமே தெரியாத அளவுக்கு இருந்தால் கேமரா வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறது. வானம் அடர்த்தியாக இருந்தும் அதற்குள் மேகமோ படகின் கோடோ தெரிந்தால் நெகட்டிவில் சரக்கு இருக்கிறது, ஸ்கேன்தான் மோசம். மறுபடி ஸ்கேன் போடச் சொல்லுங்கள்.

பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

---

சுருள்36 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கீல் ஃபோம் தூளாகவே உதிர்ந்தது, விரல் பட்டதும் பாதி கையோடு வந்துவிட்டது.

நெகட்டிவ்: ஓர எழுத்துகள் நல்ல அடர்த்தி. கடற்கரைப் படங்களில் வானம் முழுக் கறுப்பு, போன் வெளிச்சமே ஊடுருவவில்லை. மாட வீதிப் படங்கள் சாதாரணமாக இருக்கின்றன. அப்படியென்றால் வெயிலில் மட்டும் கேமரா தப்புச் செய்கிறதா? செலினியம் (மீட்டரின் ஒளிச்செல்) செத்துக்கொண்டிருக்கிறதா?

கூடவே இரண்டு கேள்விகள். லென்ஸின் உள்ளே டார்ச் அடித்தால் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி சின்னதாக ஒன்று தெரிகிறது. அப்புறம் கேமராவோடு 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்றும் பெட்டியோடு கிடைத்தது. சோதனைக்கு அதைப் போடலாமா?

---

திருகாணி எழுதியது:

செலினியம் கிழடானா எல்லா வெளிச்சத்துலயும் தப்பும். கரண்டு குறைவா வரும், மீட்டர் இருட்டுன்னு நினைக்கும், அப்பர்ச்சரைக் கூடுதலாத் திறக்கும். சாயங்காலத்துல கொடி சீக்கிரமே எழும்பும். உங்களுக்கு சாயங்காலம் சரி, வெயில் மட்டும் தப்பு. அது அப்பர்ச்சர் பிளேடு ஒட்டிக்கிட்டதோட அடையாளம். பழைய எண்ணெய் பிளேடுல ஏறியிருக்கும். பெருசாத் திறக்க வேண்டிய இடத்துல பிரச்சனை தெரியாது. ஊசித் துளை அளவுக்குச் சுருங்க வேண்டிய இடத்துல பாதி வழியிலயே நின்னுடும்.

பிலிம் இல்லாம சோதிங்க. கதவைத் திறந்து, வெயில் விழற வெள்ளைச் சுவரைப் பார்த்து கேமராவைப் பிடிங்க (சூரியனைப் பார்த்து வேண்டாம், கண்ணு போயிடும்). வளையத்தை ஏ-யிலிருந்து மாத்தி 22-ல வெச்சு, ஷட்டரை ஏத்தி அழுத்துங்க. கையால வைக்கும்போது வேகம் எப்பவும் 1/40, அதனால பின்பக்கமிருந்து துளை கண்ணுல தட்டும். சாய்சதுரமா, அரிசி நொய் அளவுக்கு, குறுக்க 2 மி.மீ.க்குக் கீழ தெரியணும். 8-ல 5 மி.மீ., 2.8-ல 14 மி.மீ. இப்ப ஏ-யில, ஏஎஸ்ஏ 400-ல வெச்சு அதே சுவர். அந்த நொய் திரும்ப வரணும்.

கண்ணு நம்பலைன்னா போனோட ஸ்லோ மோஷன்ல, நொடிக்கு 240 பிரேம்ல, பின்பக்கமிருந்து எடுங்க. 1/40-க்குத் துளை சுமார் 6 பிரேம் தெரியும், 1/200-க்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. வேகமும் துளையும் ஒரே சோதனைல முடிஞ்சுது.

22-லயும் துளை பெருசா நின்னா பிளேடு ஒட்டுதுன்னு உறுதி. 22-ல சரி, ஏ-யில மட்டும் பெருசுன்னா மீட்டர் பக்கம் கோளாறு. பிளேடுன்னா முன் லென்ஸைக் கழட்டித்தான் போகணும். ஃபோகஸ் வளையத்தைச் சுத்தி மூணு குட்டித் திருகு இருக்கும். அதை முழுசாக் கழட்ட வேண்டாம், தளர்த்தினா வளையம் வந்துடும். அதுக்கு அடுத்து முன் லென்ஸ் மரையோட சுழன்று வரும். இங்கதான் நிறையப் பேர் கேமராவைக் கெடுக்கறாங்க. அந்த மரை எந்த இடத்துல விடுபடுதுன்னு குறிச்சு வைக்காம கழட்டினா, திருப்பி மாட்டும்போது முடிவிலி எங்கயோ போயிடும். மலையை வெச்சா மலை மங்கும். சுழட்டறதுக்கு முன்னாடி ஊசியால ஒரு கோடு, விடுபடற இடத்துல இன்னொரு கோடு, ரெண்டையும் போன்ல போட்டோ.

சுத்தம் பண்ண லைட்டர் பெட்ரோல், அதுவும் பட்ஸ் முனையில ஈரம் மட்டும். பிளேடைத் தொட்டு, 22-க்கும் 2.8-க்கும் மாத்தி மாத்தி பத்து இருபது தடவை அழுத்தி, திரும்பத் துடைங்க. முதல் தடவை சரியாயிடும், மறுநாள் காலைல திரும்ப ஒட்டும். இடுக்குல இருந்து எண்ணெய் மறுபடி ஊறி வரும். மூணு நாள் விட்டு விட்டுப் பண்ணணும். பிளேடுக்கு எந்த எண்ணெயும் போடாதீங்க, தையல் மெஷின் எண்ணெய்கூட. அது காய்ஞ்சு ஓடற மாதிரி வடிவமைச்சது. அளவான ஸ்க்ரூடிரைவர் இல்லைன்னா தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட கொடுத்துடுங்க, திருகோட தலை வழுக்கினா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

அந்தச் சிலந்தி வலை பங்கஸ். ஓரத்துல நகக்கண் அளவுன்னா படத்துல தெரியாது. எப்படியும் முன் லென்ஸைக் கழட்டறீங்கன்னா அப்பவே துடைச்சிடலாம். ஆனா பரவ விடாதீங்க. தோல் உறைல போட்டு அலமாரியில வைக்கறதுதான் அதுக்குச் சாப்பாடு; தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள நிறம் மாறற சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினதும் வாணலில மிதமாச் சூடு பண்ணித் திரும்பப் போடலாம். அரிசி டப்பாக்குள்ள புதைக்கற யோசனை யாராவது சொன்னா கேட்காதீங்க, மாவுத் தூசி ஷட்டருக்குள்ள போய் உட்காரும்.

---

இருட்டறை எழுதியது:

'இந்து' பிலிமைச் சோதனைக்குப் போட வேண்டாம். கேமராவும் சந்தேகம், பிலிமும் சந்தேகம் என்றால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அது ஊட்டியில், 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. இப்போது கையில் கிடைக்கும் பெட்டி எதுவும் காலாவதியாகிப் பல வருஷம் ஆனதுதான். குளிரில் இருந்ததா, வெயில் படும் பரணில் இருந்ததா என்பதுதான் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் என்று ஒரு கணக்கு உண்டு, அதுவும் தோராயம். கேமரா சரியான பிறகு ஆசைக்குப் போடுவதானால் வளையத்தை அடி எண் 25-இல் வையுங்கள், நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள். அடித்தளமே சாம்பலாக வரும், அதற்குத் தயாராக இருங்கள். லேபில் கொடுக்க வேண்டாம். கலர் பிலிமுக்கான சி-41 கெமிக்கலில் போட்டால் வெள்ளி மொத்தமும் கரைந்து, வெறும் பிளாஸ்டிக் சுருள் திரும்பி வரும்.

சோதனைக்குக் கென்ட்மியர் 100 போன்ற மலிவான புதிய கறுப்பு வெள்ளை போதும். வீட்டிலேயே கழுவினால் இன்னும் நல்லது, லேபின் மீது சந்தேகப்படும் வேலை மிச்சம். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸை வைத்துச் சொல்கிறேன்: டி-76 டெவலப்பர், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 20 டிகிரியில் 11 நிமிடம். பேட்டர்சன் டேங்க்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. ஆகவே டெவலப்பர் 145, தண்ணீர் 145. முதல் பத்து நொடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதே நான்கு. கவிழ்த்ததும் டேங்க்கை மேஜையில் ஒரு தட்டு தட்டினால் குமிழி விலகும். தட்டாவிட்டால் நெகட்டிவின் வானத்தில் வட்ட வட்டமாக வெளிர்ப் புள்ளி விழும்.

நம் ஊரில் பிரச்சனை தண்ணீரின் சூடு. குழாயில் 30 டிகிரி வருகிறது, மொட்டைமாடித் தொட்டியில் மதியம் அதற்கும் மேல். 24 டிகிரிக்கு நேரம் சுமார் 7.5 நிமிடமாகக் குறையும். அதற்கு மேலே போனால் 5 நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும்; ஊற்றவும் கவிழ்க்கவும் ஆகும் நொடிகளே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். விடியற்காலையில் கழுவுங்கள். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்குள் டெவலப்பர், பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லா பாட்டில்களையும் நிறுத்தி வையுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் நேராகப் போடாதீர்கள், கலவை நீர்த்துப் போகும். எல்லாம் ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் முக்கியம். 20-இல் டெவலப் செய்துவிட்டு 32 டிகிரி குழாய்த் தண்ணீரில் கழுவினால் எமல்ஷன் (பிலிம் மேல் உள்ள ஒளி உணரும் பூச்சு) இளகிச் சுருங்கி, காய்ந்த குளத்து மண் போல் வெடிப்பு விழலாம்.

கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் தடம் நிற்கும். கடையில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் அரை லிட்டர், அதில் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் திவலையாக நிற்காமல் வழிய வைப்பது) ஒரு சொட்டு. அதிகம் விட்டால் அதுவே கறையாகும். குளியலறையில் ஷவரைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துத் தூசி அடங்கிய பிறகு தொங்கவிடுங்கள், கீழ் முனையில் இரண்டு துணிக் கிளிப். மின்விசிறி கூடாது.

---

பாதிவெளிச்சம் எழுதியது:

400 பற்றி நான் எழுதியது தப்பு, கணக்கு இருட்டறை சொன்னதுதான். பிலிம் பரிந்துரை மட்டும் சேர்க்கிறேன். கலரில் பகல் வெயிலுக்குக் கோடக் புரோஇமேஜ் 100 அல்லது கோல்டு 200. 100 என்றால் நல்ல வெயிலில் 1/200, எஃப் 11 விழும். இந்த லென்ஸுக்கு அதுவே இதமான இடம். சாயங்காலத் தெருவுக்கு 400, வளையமும் 400. ஒரே ரோலில் இரண்டையும் எடுக்க வேண்டுமென்றால் 200.

பிலிமை பைக் டிக்கியிலோ கார் டேஷ்போர்டிலோ விடாதீர்கள். பிரிட்ஜில் வைப்பதானால் எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிலிம் மேல் வியர்த்துவிடும்.

கறுப்பு வெள்ளையில் மேகம் வேண்டுமானால் 43.5 மி.மீ. மஞ்சள் ஃபில்டர். செலினியம் வளையம் ஃபில்டர் மரைக்கு உள்ளேயே இருப்பதால் மீட்டரும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கும். ஏஎஸ்ஏ எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

ரோல் மாட்டும்போது ஒரு பழக்கம்: கதவை மூடியதும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் லேசாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு பின்னால் உள்ள சக்கரத்தைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பிலிம் ஓடவில்லை. எண் மட்டும் 36 வரை ஏறி, வெறும் ரோல் லேபிலிருந்து வரும்.

---

சுருள்36 எழுதியது:

240 பிரேமில் எடுத்துப் பார்த்தாயிற்று. 22-இல் துளை 5 மி.மீ.க்கும் கூட நிற்கிறது, அதுவும் முதல் அழுத்தலில் இன்னும் பெரிசு. ஐந்தாறு முறை அழுத்திய பிறகு கொஞ்சம் சுருங்குகிறது. வேகம் 6 பிரேம், சரி. ஆக பிளேடுதான்.

வளையத்தின் மூன்று திருகில் ஒன்றின் தலை ஏற்கெனவே வழுக்கியிருக்கிறது, முன்பு யாரோ திறந்திருக்கிறார்கள். அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுக்க முடிவு. ஒரு சந்தேகம்: முன்பே திறந்தது என்றால் முடிவிலியும் தப்பாக இருக்குமே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

---

திருகாணி எழுதியது:

கொடுக்கறதுக்கு முன்னாடியே பாருங்க, அப்பத்தான் அவர்கிட்ட சொல்ல முடியும். கதவைத் திறந்து, பிலிம் ஓடற ரெண்டு தண்டவாளத்து மேல மேட் ஸ்காட்ச் டேப்பை இறுக்கமா, சுருக்கமில்லாம ஒட்டுங்க. பளபளப்பான டேப்ல உருவம் விழாது. வளையம் 2.8, குறி மலை. ட்ரிப்ல ஷட்டரைத் திறந்தே வைக்கற பி வசதி கிடையாது, அதனால ராத்திரி இருட்டு அறைல ஜன்னல் வழியா தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்துப் பிடிச்சு, போனை டேப்புக்கு நேரா, அது ஃபோகஸ் பிடிக்கற தூரத்துல வெச்சு ஸ்லோ மோஷன்ல எடுத்துக்கிட்டே அழுத்துங்க. வர்ற அந்த ஆறு பிரேம்ல விளக்கு புள்ளியா விழுந்தா முடிவிலி சரி. வட்டமா உப்பியிருந்தா மரை மாறியிருக்கு. கும்பல் குறிக்கும் மலைக்கும் நடுவுல வெச்சு எடுக்கும்போது புள்ளியாகுதுன்னா எந்தப் பக்கம் எவ்வளவு தப்புன்னும் தெரிஞ்சுடும். அந்த வீடியோவையே அவர்கிட்ட காட்டுங்க. டேப்பை எடுத்ததும் தண்டவாளத்துல பசை இருக்கான்னு ஆல்கஹால் பட்ஸால ஒரு தடவை துடைச்சிடுங்க, இல்லைன்னா அடுத்த ரோல்ல நீளவாக்குல கீறல் விழும்.